நாற்பது கம்பிச் சக்கரம்

சுலோச்சனாவுக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, இறங்கும். அவளோடு வேலை பார்த்தவர்களுக்கு இது தெரியும். அவள் மெதுவாகப் பேச ஆரம்பித்தால் எதிரே இருப்பவர் ஏதாவது சாக்குச் சொல்லி எழுந்துபோக வழி பார்ப்பார்.

அறுபத்தேழாம் வருஷம் சித்திரையில் அவள் சைக்கிள் வாங்கினாள். அப்போது அவளுக்கு இருபத்து மூன்று வயது. ஊர் ஊராகப் போய்ப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் கிராம சேவிகா வேலை. வீடு விருத்தாசலத்தில், போகவேண்டிய ஊர்களெல்லாம் நல்லூர்ப் பக்கம். பஸ் பெரிய ரோட்டோடு நின்றுவிடும். அதற்கப்புறம் கல் பரப்பிய கப்பி ரோடும் வண்டிப்பாதையும்தான். பால்பவுடர் டின், விதைப் பொட்டலம், புகையில்லா அடுப்பு போட்டுக் காட்டுவதற்கான தகர அச்சு, எல்லாவற்றையும் இடுப்பிலும் தலையிலும் சுமந்துகொண்டு ஒரு வருஷம் நடந்து பார்த்தாள். பிறகு சைக்கிள்தான் என்று முடிவு செய்தாள்.

அவள் அப்பா கலியபெருமாள் பானை வனைந்த குடும்பத்துக்காரர். ஊரில் பீங்கான் பட்டறைகள் வந்தபிறகு அங்கே ஊறுகாய் ஜாடிகளைப் பளபளப்புக் கரைசலில் முக்கியெடுக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். மகள் சைக்கிள் என்றதும் அவர் வேண்டாமென்று சொல்லவில்லை. "எறங்கி ஏறும்போது பொடவையப் பாத்துக்கம்மா" என்று மட்டும் சொன்னார். அம்மா காசியம்மாள்தான் இரண்டு நாள் பேசாமல் இருந்தாள்.

ஜங்ஷன் ரோட்டில் கோவிந்தராசுவின் சைக்கிள் கடை. கடைக்கு முன்னால் ஒரு நீளமான மரப்பெஞ்சு. சாயங்காலம் ஐந்து மணி ஆனால் அந்தப் பெஞ்சில் ஒரு கூட்டம் சேர்ந்துவிடும். கணக்கு வாத்தியார் சபேசன், கோயில் அலுவலகத்தில் எழுத்தர் வேலை பார்க்கும் சீதாராமன், இன்னும் நாலைந்து பேர். அரசியலும் பேசமாட்டார்கள், சினிமாவும் பேசமாட்டார்கள். சைக்கிள்தான். எந்த இரும்பு துருப்பிடிக்கும், எந்த டயர் கப்பியில் நிற்கும், பெடல் தண்டை இறுக்கும் காட்டர் பின்னை எந்தப் பக்கத்திலிருந்து அடிக்கவேண்டும் என்பதிலேயே இருட்டிவிடும்.

சபேசனிடம் இருந்தது பிரெஞ்சு வண்டி. பாண்டிச்சேரியில் யாரோ ஒரு குடும்பம் ஊரைவிட்டுக் கிளம்பும்போது விற்றுவிட்டுப் போனது. அதைக் கடை வாசலில் சாய்த்து நிறுத்தும்போது ஒரு துணியை மடித்துச் சுவருக்கும் ஹேண்டில் பாருக்கும் நடுவில் வைப்பார். சீதாராமன் இங்கிலீஷ் வண்டிக் கட்சி. இருவருக்கும் ஒத்துப்போகாது.

"பிரெஞ்சுக்காரன் முன்னாடியும் பின்னாடியும் முப்பத்தாறு கம்பி போட்டான். ரெண்டு சக்கரத்துக்கும் ஒரே நியாயம்" என்பார் சபேசன்.

"பாரம் பின்னாலதானே ஓய் உக்காந்திருக்கு. இங்கிலீஷ்காரன் முன்னாடி முப்பத்திரண்டு, பின்னாடி நாற்பதுன்னு வெச்சான் பாரும், அது கணக்கு" என்பார் சீதாராமன். "உம்ம வண்டிப் பின்சக்கரத்துல அச்சு ரெண்டு தரம் ஒடிஞ்சுதே. நாப்பது கம்பி வண்டியில ஒடிஞ்சு பாத்திருக்கீரா?"

"அச்சு ஒடியறதுக்கும் கம்பிக்கும் என்ன சம்பந்தம்? ஹப்பே தேய்ஞ்சு போச்சு. வேற சக்கரம் பாத்துண்டிருக்கேன்."

சுலோச்சனா விலை விசாரிக்கப் போன நாட்களில் இந்தப் பேச்சையெல்லாம் ஒதுங்கி நின்று கேட்டிருக்கிறாள். அவளுக்குப் பிடித்திருந்தது. ஒரு சாமானை இவ்வளவு உன்னிப்பாகப் பார்க்கிறார்களே என்று மரியாதைகூட வந்தது. அவள் போய் நின்றதும் பெஞ்சில் பேச்சு நின்றுவிடும் என்பதைத்தான் அவள் கொஞ்சநாள் கவனிக்கவில்லை.

வண்டியைத் தேர்ந்தெடுத்த அன்றைக்கு எல்லோரும் இருந்தார்கள். அவள் லேடீஸ் வண்டி கேட்டாள். இருபத்தெட்டு அங்குலச் சக்கரம், கனமான டயர், இரும்புக் கேரியர்.

"பொண்ணுகளுக்கு இருபத்தாறு போதும்மா" என்றார் சபேசன். "டயரும் லேசாப் போட்டுக்கோ. கனமான டயர் மிதிக்க முடியாது நோக்கு."

"கப்பி ரோடுங்க சார். டின்னு தூக்கணும். லேசு டயரு தாங்காதுங்க."

"பரவாயில்லையே" என்றார் சபேசன், பெஞ்சைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே. "சக்கரம் சுத்தற வீட்டுப் பொண்ணு. சக்கரம் தெரியாம இருக்குமா?"

பெஞ்சு சிரித்தது. சுலோச்சனாவும் மரியாதைக்குச் சிரித்துவைத்தாள். அந்தச் சிரிப்பை நினைத்துப் பின்னால் பல வருஷம் தன்மேலேயே அவளுக்கு எரிச்சல் வந்தது.

"பெட்டி பிரிச்சு மாட்டணும்மா. நாளான்னைக்கு வாங்க" என்றான் கோவிந்தராசு. பெட்டியோடு வந்த அச்சடித்த தாளை மட்டும் அவள் கேட்டு வாங்கிக்கொண்டாள். எந்தக் காகிதத்தையும் தூக்கிப்போடாத சுபாவம். வீட்டில் டிரங்குப் பெட்டிக்குள் புடவைக்கடியில் வைத்தாள்.

பதினோரு வாரம் வண்டி ஓடியது. காலையில் ஆறரைக்குக் கிளம்பினால் எட்டுக்கு முதல் ஊர். பார்த்து நின்றவர்கள், கல்லெறிந்த பையன்கள், "இறங்கி நடம்மா" என்று சொன்ன கிழவர்கள் எல்லோரும் ஒரு மாதத்தில் பழகிப்போனார்கள். பின்சக்கரத்தில் மட்டும் ஒரு கரகரப்பு இருந்தது. இரண்டு முறை கடைக்குக் கொண்டுபோய்க் காட்டினாள். "புது வண்டி அப்படித்தான் இருக்கும், ஓட ஓட சரியாயிடும்" என்று சொட்டு எண்ணெய் விட்டு அனுப்பினான் கோவிந்தராசு.

ஆடி மாதம், நல்லூர் ரோட்டில் ஒரு சரிவு. எதிர்க்காற்று விட்டுவிட்டு அடித்துக்கொண்டிருந்தது. கேரியரில் பால்பவுடர் டின். படாரென்று ஒரு சத்தம்; சீட்டு பக்கவாட்டில் நழுவியது போலிருந்தது. அடுத்து அவள் அறிந்தது வாயில் மண். இடது மணிக்கட்டு இருக்கவேண்டிய விதத்தில் இல்லை. பால்பவுடர் ரோடெல்லாம் கொட்டிக் காற்றில் பறந்துகொண்டிருந்தது.

மல்லாட்டைக் கடலை மூட்டை ஏற்றிக்கொண்டு வந்த ராஜமாணிக்கம் என்ற வண்டிக்காரர் அவளைத் தூக்கி உட்காரவைத்தார். துண்டைக் கிழித்துக் கையைக் கட்டினார். பிறகு சைக்கிளைப் புரட்டிப் பார்த்தார்.

"வண்டி வாங்கி எத்தினி வருஷம்மா ஆவுது?"

"மூணு மாசம்கூட ஆவலைங்க."

"அப்படின்னா இது வேற எங்கயோ ஓடுன அச்சு. இங்க பாருங்க. ஒடிஞ்ச எடத்துல பாதி வெள்ளையா இருக்குது, பாதி துருவா இருக்குது. துரு இருக்கிற பக்கம் எப்பவோ விரிசல் விட்டுப்போனது. மீதிதான் இன்னைக்குப் போயிருக்குது."

வலியில் அவளுக்கு அது அப்போது முழுதாக ஏறவில்லை.

மாவுக்கட்டுப் போட்டு ஒரு வாரம் கழித்து, டியூபில் காற்று இறங்கிய முன்சக்கரமும் ஒடிந்த பின்சக்கரமுமாக வண்டி வீட்டுக் கூடத்தில் கிடந்தது. அவள் கடைக்கு நடந்துபோய்க் கோவிந்தராசுவிடம் நடந்ததைச் சொன்னாள். பெஞ்சு கேட்டுக்கொண்டிருந்தது.

"பொம்பளைங்களுக்கு பிரேக்கு எங்க புடிக்கிறதுன்னு தெரியறதில்ல" என்றான் கோவிந்தராசு, அவளிடம் இல்லை, பெஞ்சிடம்.

சபேசன் பாடம் நடத்தினார். "பள்ளம் வந்தா உடம்பைத் தூக்கிக்கணும்மா. மூட்டை மாதிரி சீட்டுலயே உக்காந்திருந்தா அச்சு ஒடியாம என்ன செய்யும்? நல்ல சாமான்தான் அது. ஓட்டறவா கையில இருக்கு."

சுலோச்சனா கடையைவிட்டு இறங்கினாள். வீட்டுக்குத் திரும்பும்போது ராஜமாணிக்கம் சொன்ன துரு நினைவுக்கு வந்தது. கூடத்தில் சக்கரத்துக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கம்பிகளை எண்ணினாள். முப்பத்தாறு. காற்றுத்துளையில் நூல் கட்டி அடையாளம் வைத்து மறுபடி எண்ணினாள். முப்பத்தாறு. டிரங்குப் பெட்டியைத் திறந்து அந்தத் தாளை எடுத்தாள். முன் சக்கரம் முப்பத்திரண்டு, பின் சக்கரம் நாற்பது என்று தமிழிலேயே போட்டிருந்தது.

முன்னும் பின்னும் முப்பத்தாறு யார் வண்டி என்று அவளுக்கு யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை.

அன்று இரவு அவள் சாப்பிட்டாள், படுத்தாள், தூங்கவும் செய்தாள். காலையில் அப்பாவிடம் சொன்னாள்.

கலியபெருமாள் தாளை வாங்கிப் பார்த்தார். "பெரிய மனுஷங்கம்மா அவங்க. சக்கரத்த வேற வாங்கி மாட்டிக்கலாம்."

"எதுக்குப்பா வேற வாங்கணும்? என் சக்கரம் ஊருக்குள்ளதான் ஓடிக்கிட்டிருக்குது."

"நான் வரலைம்மா."

"நான் உன்னக் கூப்புடல."

சாயங்காலம் ஐந்தேகாலுக்கு, கட்டுப்போட்ட கையைக் கழுத்தில் தொங்கவிட்டு, வலது தோளில் ஒடிந்த சக்கரத்தை மாட்டிக்கொண்டு ஜங்ஷன் ரோட்டில் அவள் நடந்தாள். டயரின் செம்மண் ரவிக்கையில் ஒட்டியது. கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். பெஞ்சுக்கு முன்னால் சக்கரத்தை இறக்கிச் சபேசனின் முழங்காலில் சாய்த்தாள்.

"சார், நீங்க கணக்கு வாத்தியாரு. இதுல எத்தினி கம்பி இருக்குதுன்னு எண்ணிச் சொல்லுங்க."

குரல் மிகவும் தணிந்திருந்தது. சபேசன் எண்ணவில்லை. எண்ணத் தேவையில்லாதவர் அவர்.

"முப்பத்தாறு. அதுக்கென்ன?"

அவள் தாளை நீட்டியது சீதாராமனிடம். "சத்தமாப் படிங்க சார்."

சீதாராமன் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு படித்தார். 'பின் சக்கரம் நாற்பது' என்ற இடம் வந்ததும் குரல் தானாக அடங்கியது.

சபேசனின் பிரெஞ்சு வண்டி சுவரில் சாய்ந்திருந்தது, மடித்த துணியோடு. சுலோச்சனா அதன் பின்சக்கரத்துக்கு அருகே குனிந்து, ஒவ்வொரு கம்பியாகத் தொட்டு வாய்விட்டு எண்ணினாள். முப்பதுவரை கோவிந்தராசு உள்ளே ஏதோ உருட்டிக்கொண்டிருந்தான். முப்பத்தாறுக்கு மேல் அதுவும் நின்றுவிட்டது. நாற்பது.

"மாட்டும்போது மாறிப்போயிருக்கும்மா" என்றான் கோவிந்தராசு. "நாலு வண்டி ஒண்ணா பிரிச்சுப் போட்டிருந்தோம்."

"பிரெஞ்சு வண்டியும் பெட்டியிலதான் வந்துதா?"

அவன் எண்ணெய்க் கையைத் துணியில் துடைக்க ஆரம்பித்தான்.

"இதோ பாரும்மா" என்றார் சபேசன். "நான் சக்கரம் கேட்டேன். கொடுத்தான். விலை குடுத்து வாங்கிண்டேன். எங்கேர்ந்து எடுத்தான்னு எனக்கெப்படித் தெரியும்?"

"ரோட்டுல போறவன் டயர்ல எழுதியிருக்கிற நம்பரு வரைக்கும் குனிஞ்சு படிக்கிறீங்க சார். ஒரு நெப்பிளு மாறியிருந்தா கண்டுபுடிக்கிறீங்க. உங்க வண்டிக்குப் புதுச் சக்கரம் வந்தா அது எங்கேர்ந்து வந்துதுன்னு கேக்க மட்டும் தோணல."

"கேக்கல. தப்புதான். அதுக்காக இப்படி நடுத்தெருவுல—"

"ஹப்பே தேஞ்சு போன சக்கரம்னு நீங்கதான் சொன்னீங்க, இந்தப் பெஞ்சுல ஒக்காந்துக்கிட்டு. உங்களுக்கு ஆவாதது எனக்கு ஆவும்னு முடிவு பண்ணிட்டீங்க. ஒடிஞ்சப்புறம் எனக்கு ஒக்காரத் தெரியலைன்னு பாடம் வேற."

"போறும்மா, வயசுல பெரியவர்" என்றார் சீதாராமன். "நான் சொல்றேன், சக்கரத்துக்கு உண்டானதை ரெண்டு பேருமாக் கொடுத்துடுவா."

"எனக்குப் பணம் வேணாங்க. என் சக்கரம் வேணும். இப்ப, இங்கயே கழட்டணும்."

கோவிந்தராசு சபேசனைப் பார்த்தான். சபேசன் ரோட்டைப் பார்த்தார். ரோட்டில் அதற்குள் இருபது பேர் நின்றிருந்தார்கள். ஸ்பேனரை எடுத்துக்கொண்டு கோவிந்தராசு வெளியே வந்தான். சக்கரம் கழன்றதும் பிரெஞ்சு வண்டியின் பின்பக்கம் தரையில் குத்தி நின்றது.

"நாளைக்கு ஸ்கூலுக்கு நான் எப்படிப் போறது?" என்று சபேசன் யாரிடமென்று இல்லாமல் கேட்டார்.

"நடந்து போங்க சார்" என்றாள் சுலோச்சனா.

இதோடு முடிந்திருந்தால் அவளுக்கு ஆறியிருக்கும். முடியவில்லை. பத்து நாளில் அவள் மேலதிகாரிக்கு ஒரு மொட்டைக் கடிதம் வந்தது. கிராம சேவிகா கடைத்தெருவில் ஆண்களோடு சண்டைக்கு நிற்கிறாள், கிராமத்துப் பெண்களுக்கு இவள் என்ன சொல்லிக்கொடுப்பாள் என்று. அதிகாரி கெட்டவர் இல்லை. "சின்ன விஷயம்மா, ஒரு வரி மன்னிப்பு எழுதிக்குடு, ஃபைலை மூடிடறேன்" என்றார்.

"கை ஒடிஞ்சதுங்களா சின்ன விஷயம், கேட்டதுங்களா?"

மன்னிப்பு எழுதவில்லை. அந்த வருஷம் அவளுக்குச் சம்பள உயர்வு தள்ளிப்போனது. வீட்டில் அம்மா பேசுவதை மறுபடி நிறுத்தினாள். பெஞ்சு வழக்கம்போல் ஐந்து மணிக்குக் கூடியது. கோவிந்தராசு கடையில் கூட்டம் குறையவே இல்லை. மறுவருஷம் கடையைப் பக்கத்து அறைக்கும் நீட்டினான். அதைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்குக் காது சூடாகும்.

கைக்கட்டுப் பிரிப்பதற்கு முன்பே, பெண்ணாடம் பக்கம் மருத்துவச்சியாக இருந்த ராணி ஒருநாள் வீட்டுக்கு வந்தாள். அவளும் அதே கடையில் வாங்கியவள். "என் வண்டிய கொஞ்சம் பாருக்கா. பெடலு எப்பவும் கழண்டு போவுது" என்றாள். சுலோச்சனா பார்த்தாள். பெடல் பழசு. செயின் பழசு. சீட்டின் தோலுக்கடியில் கம்பிச்சுருள் வேறு எதற்கோ செய்தது. பால்வாடி டீச்சர் ஒருத்தியின் வண்டியில் ஃப்ரீவீலே மாறியிருந்தது. நாலு வண்டி பார்த்தாள். நாலும் பெண்கள் வாங்கியவை, நாலிலும் ஏதோ ஒன்று போயிருந்தது. ஊரில் யாருடைய வண்டியெல்லாம் பெஞ்சுக்கு முன்னால் பளபளத்துக்கொண்டு நின்றதோ, அதெல்லாம் எப்படிப் பளபளத்தது என்று அப்போது அவளுக்கு விளங்கியது.

அதற்குப் பிறகுதான் அவள் ஸ்பேனரைக் கையில் எடுத்தாள். கட்டுப் பிரித்துப் பத்து நாள்கூட ஆகவில்லை. பாரம் தூக்காதே என்று சொல்லியும் கேட்காமல் சக்கரத்தைத் தூக்கித் தூக்கி மாட்டியதில் மணிக்கட்டு கொஞ்சம் கோணலாகவே கூடிவிட்டது. கோபத்தில் செய்த வேலை அது. ஒரு சக்கரத்தை முழுதாகப் பிரித்து, கம்பி கம்பியாகக் கோத்து, பெண்டு எடுத்து நேராக ஓடவைக்க அவளுக்கு ஏழு ஞாயிற்றுக்கிழமை ஆயிற்று. ஆறு தடவை எட்டுப்போல வளைந்து நின்றது. ஏழாவது தடவை ஓடியது.

அறுபத்தொன்பதிலிருந்து அந்தப் பக்கத்து நர்சம்மாக்களும் சேவிகாக்களும் டீச்சர்களும் விருத்தாசலத்தில் வண்டி வாங்குவதை விட்டார்கள். கடலூரிலிருந்து பெட்டியைப் பிரிக்காமல் பஸ் மேலே போட்டுக் கொண்டுவருவார்கள். சுலோச்சனா வீட்டு வாசலில் பிரிப்பார்கள். தாளை வைத்துக்கொண்டு ஒருத்தி படிக்க, ஒருத்தி எடுத்து வைக்க, ஒன்று குறைந்தால் பெட்டி அன்றே திரும்பும். முதலில் காசியம்மாள் முணுமுணுத்தாள். பிறகு வருகிறவர்களுக்கு டீ போட்டாள்.

எழுபத்து மூன்றாம் வருஷம் ஆனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சபேசன் வந்தார். ரிட்டயர் ஆகியிருந்தார். கூட அவர் மகள் ஜயா. சேத்தியாத்தோப்புப் பக்கம் ஒரு ஊரில் டீச்சர் வேலை கிடைத்திருந்தது. தெருமுனையில் குதிரைவண்டியில் பிரிக்காத பெட்டி ஒன்று.

"தங்கற இடத்துலேர்ந்து தினம் நாலு மைல் போகணுமாம் இவ" என்றார். "கடைக்காரனை நம்பி விட முடியாது. நீதான் மாட்டிக் கொடுக்கணும்."

சுலோச்சனா மடியிலிருந்த முறத்தை இறக்கி வைத்தாள்.

"யாரு வண்டிய நம்பி விடலாம், யாரு வண்டிய விடக்கூடாதுன்னு உங்களுக்கு அப்பவே தெரியுமாங்க சார்?"

அவர் துண்டைத் தோள் மாற்றினார். "இன்னும் நோக்கு கோபம் போகலையா? ஆறு வருஷம் ஆச்சே."

"போவலைங்க. ஆறு வருஷமா இந்தத் தெருவு இங்கதான் இருக்குது. இன்னைக்குத்தான் உங்களுக்கு வழி தெரிஞ்சுது. அதுவும் உங்க பொண்ணுக்காவ."

ஜயா ஒன்றும் புரியாமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். இருபத்திரண்டு வயசிருக்கும். வேலைக்குப் போகும் முதல் வாரத்துப் பயம் முகத்தில் இருந்தது. அந்த முகத்துக்காகத்தான் சுலோச்சனா பெட்டியை இறக்கச் சொன்னாள்.

"இறக்குங்க. ஆனா நான் மாட்டித் தரமாட்டேன். உங்க பொண்ணு மாட்டட்டும், நான் பக்கத்துல இருக்கிறேன்."

மத்தியானம்வரை இருவரும் தரையில் உட்கார்ந்து வேலை செய்தார்கள். சபேசன் வேப்பமரத்தடியில் நின்றார். ஒருதரம் வாய்திறந்து, "காட்டர் பின்னை அந்தப் பக்கம் வெச்சு—" என்று ஆரம்பித்தார். சுலோச்சனா நிமிர்ந்து பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

பின்சக்கரத்தைத் தூக்கி மாட்டும்போது ஜயா அவள் கையைப் பார்த்தாள். "மணிக்கட்டுல என்னக்கா?"

சுலோச்சனா சொன்னாள். குரலைத் தாழ்த்தவுமில்லை, உயர்த்தவுமில்லை. கடைப் பெயர், வருஷம், அச்சில் இருந்த துரு, பாடம் நடத்தியவர் யார் என்பது, எல்லாவற்றையும் மழை பெய்ததைச் சொல்வதுபோலச் சொன்னாள். மரத்தடியில் கேட்கும் தூரம்தான்.

ஜயா ஸ்பேனரைத் தரையில் வைத்தாள். அப்பாவைத் திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்: "நீங்க ஆத்துக்குப் போங்கோப்பா. நான் சைக்கிள்லயே வந்துடறேன்."

"வெயில்ல எப்படிம்மா தனியா—"

"போங்கோப்பா."

அவர் போனார். தெருமுனை திரும்பும்வரை செருப்புச் சத்தம் கேட்டது.

முன்சக்கரத்து டயர்தான் மிச்சம். கனமான டயர், ஜயாவே கேட்டு வாங்கியது. கடைசி ஒரு சாண் ரிம்முக்குள் ஏற மறுத்தது. இருவரும் எதிரெதிரே மண்டியிட்டு, உள்ளங்கையாலும் பிறகு முழங்காலாலும் அதை அழுத்திக்கொண்டிருந்தார்கள்.